முத்துக்கரையின் பர்னாந்துமார்

"உங்களுக்குக் கோவாவா?" என்பது முதல் கேள்வி. இல்லை என்றால் அடுத்தது தயாராக இருக்கும்: "அப்ப ஆங்கிலோ இந்தியனா?" சென்னையிலோ பெங்களூரிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்த தூத்துக்குடிப் பையன் பெயருக்குப் பின்னால் பெர்னாண்டோ என்று சொன்ன அன்றைக்கே இரண்டும் வந்துவிடும். பாட்டன், பூட்டன் எல்லாருக்கும் தொழில் கடலும் வள்ளமும்தான், வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சில்லை, போர்ச்சுகல்லை உலகக் கோப்பை காற்பந்தில் பார்த்ததோடு சரி என்று அவன் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும்.

அதே பையன் ஊருக்குத் திரும்பினால் கேள்வி வேறு. "நீங்க பர்னாந்தா, கோமஸா?" என்பார்கள். பர்னாந்து என்றால் அதுவும் போதாது. எந்தப் பர்னாந்து, எந்தத் தெரு, தாத்தாவுக்கு என்ன பட்டப்பெயர் என்று நீளும். பெர்னாண்டோக்கள் அத்தனை பேர். வெளியூரில் அதிசயமாகத் தெரியும் அதே பெயர், ஊருக்குள் ஆளை அடையாளம் காட்டவே உதவாத அளவுக்கு மலிந்து கிடக்கிறது.

பெயர் வந்த கதை ஊரறிந்தது. ஆனால் சொல்லும்போது சில முடிச்சுகள் தவறிப்போகின்றன. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு யார் கையில் என்பதுதான் சண்டை. கொற்கைக் காலத்திலிருந்து முத்து எடுத்துவந்த பரதவர் ஒரு பக்கம், கடல் வணிகத்தில் வலுத்திருந்த இஸ்லாமிய வணிகர்கள் மறுபக்கம், கரையில் வரி கேட்கும் சிற்றரசர்கள் நடுவில். அப்போது கள்ளிக்கோட்டையைச் சேர்ந்த குதிரை வணிகர் ஒருவர், ஏற்கெனவே கிறிஸ்தவராகி ஜான் தா குரூஸ் என்று பெயர் பெற்றிருந்தவர், பரதவருக்கு ஒரு யோசனை சொன்னார்: கொச்சியில் இருக்கும் போர்த்துக்கீசியரிடம் போங்கள், அவர்கள் கப்பல் காவலுக்கு வரும், பதிலுக்கு அவர்கள் சமயத்தை ஏற்க வேண்டியிருக்கும். ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் தூது போனார்கள். 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் கடற்கரைத் துறைகள் ஒவ்வொன்றாக ஞானஸ்நானம் பெற்றன. ஏறக்குறைய 20,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1538இல் வேதாளையில் போர்த்துக்கீசியப் படை வென்றதும் முத்துக்கடலின் அதிகாரம் கைமாறிற்று.

பிரான்சிஸ் சவேரியார் மணப்பாட்டில் வந்து இறங்கியது 1542இல். அதாவது அவர் வருவதற்குள் இந்தக் கரையின் பெரும்பகுதி பெயரளவில் கிறிஸ்தவமாகியிருந்தது. பெயரளவில் என்று சொல்லும்போது அதன் நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். செபம் தெரியாது, பாதிரியார் கிடையாது. புதுப் பெயர் மட்டும் இருந்தது. சவேரியார் 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரைக்குப் போய் முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஒவ்வொருவருக்கும் அவரவருடைய புதுப் பெயரை எழுதிக் கையில் கொடுத்ததாகத் தம் கடிதத்திலேயே குறிப்பிடுகிறார். எழுத்து வாசனை இல்லாத ஒரு மீனவர், தன் பெயர் எழுதிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருப்பார். அவருடைய குடும்பத்துக்குக் கிடைத்த முதல் ஆவணம் அதுவாகவே இருந்திருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சவேரியார் பெயர் எழுதிக் கொடுத்த அந்தக் கன்னியாகுமரிப் பக்கத்து முக்குவர்களிடம் போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்கள் அவ்வளவாகத் தங்கவில்லை. அந்தோணி, சூசை, மிக்கேல் என்று புனிதர் பெயர்களோடு நின்றுவிட்டது. தூத்துக்குடிக் கரையிலோ அவை வேர் பிடித்துக்கொண்டன. ஞானஸ்நானம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வேறுபாடு முத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. போர்த்துக்கீசியத் தளபதிகளும் வணிகர்களும் தூத்துக்குடியிலும் புன்னைக்காயலிலும் வந்து தங்கினார்கள். முத்துக்குளிப்புக் காலத்தில் பரதவரோடு பேரம் பேசினார்கள். ஞானத்தகப்பனாக நின்று தங்கள் பெயரைக் கொடுத்தார்கள். ஆகவே பெர்னாண்டோ என்ற பெயர் இங்கே யாருடைய பாதுகாப்பில் இருக்கிறாய் என்பதற்கான முத்திரையாக இருந்தது. இரத்த உறவு அதில் ஏறக்குறைய இல்லை. போர்த்துக்கீசியப் பெயர் என்றதும் கலப்புப் பரம்பரை என்று முடிவுகட்டுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

பெயரின் பூர்வீகம் ஐபீரியாவை ஆண்ட விசிகோத்துகளின் ஜெர்மானிய மொழி. பிற்பகுதிக்குத் துணிவு என்று பொருள். முற்பகுதி பயணத்தைக் குறிப்பது என்பாரும் உண்டு, அமைதியைக் குறிப்பது என்பாரும் உண்டு. கடலோடிகளுக்கு முன்னதுதான் பிடிக்கும். ஸ்பெயினிலும் போர்ச்சுகல்லிலும் பெர்னாண்டோ என்பது ஆளுக்கு இடும் பெயர். குடும்பப் பெயராக வரும்போது பெர்னாண்டஸ் ஆகும், பெர்னாண்டோவின் பிள்ளை என்ற பொருளில். கோவாவும் மங்களூரும் அந்த முறையைப் பிடித்துக்கொண்டன; ஜார்ஜ் பெர்னாண்டஸ் அந்த வழி வந்த பெயர். நம் கரையிலும் இலங்கையிலும் இட்ட பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. உவரியில் லட்சக்கணக்கில் கூடிக் கும்பிடும் புனித அந்தோணியார் லிஸ்பனில் பிறந்தவர். பிரான்சிஸ்கன் சபையில் சேருமுன் அவருக்குப் பெயர் பெர்னாண்டோ. அந்தோணி பெர்னாண்டோ என்று பெயர் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஒரே புனிதரின் இரண்டு பெயர்களைச் சுமக்கிறார்கள் என்று சொன்னால் ஊரில் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள்.

வந்த பெயர்கள் வந்தபடி இருக்கவில்லை. தமிழ் வாயில் 'ஃப' நிற்காது. பெர்னாண்டோ பர்னாந்து ஆனார். கொர்ரேயா கொரைரா ஆனது, மொத்தா மோத்தா ஆனது, மச்சாதோவை மச்சாது என்றார்கள். தா குரூஸ் தெக்குருஸ் என்று ஒட்டிக்கொண்டது. ரோச், வாஸ், கோமஸ், மிராந்தா, ரொட்ரிகோ, லோபோ, விக்டோரியா எல்லாம் அதே தெருக்களில் அடுத்தடுத்த வீடுகள். இவற்றுக்கு நடுவே வில்லவராயர், பூபாலராயர், ராயன் என்று பழைய தமிழ்ப் பட்டங்களும் அழியாமல் குடும்பப் பெயராக நிற்கின்றன. பூபாலராயர்புரம் இன்றும் மாநகராட்சியின் ஒரு பகுதி. எல்லாருமே லிஸ்பனுக்கு மாறிவிடவில்லை. பாண்டிய மன்னரோடு தொடர்பு சொல்லும் பட்டத்தை வைத்திருந்த குடும்பத்துக்கு, யாரோ ஒரு கப்பல் தலைவனின் பெயர் எதற்கு?

இரண்டையும் சேர்த்துக் கட்டியவர் சாதித்தலைவர். ஏழு கடற்துறைக்கும் தலைவரான அவருக்குப் பாண்டியபதி என்று பட்டம். முத்துக்குளிப்பை எந்த அரசு நடத்தினாலும் சில படகுகளின் சிப்பிப் பங்கு அவருக்கு உண்டு; போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் மூவருமே அந்த உரிமையை ஒத்துக்கொண்டார்கள். தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயத்தின் தங்கத்தேர் 1806இல் ஓடியது தொன் கபிரியேல் தெக்குருஸ் காலத்தில். அவரையே ஊர் தேர்மாறன் என்றது. தொன் என்பது போர்த்துக்கீசிய மரியாதை, கபிரியேல் வானதூதர், தெக்குருஸ் சிலுவை, மாறன் பாண்டியன். சிறப்பு ஆண்டுகளில் மட்டும் வடம் பிடிக்கும் அந்தத் தேரைப் போலவே அவர் பெயரிலும் அடுக்கடுக்காக நிலைகள்.

உள்ளுக்குள்ளே இந்தப் பெயர்கள் சமத்துவமாகப் பழகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வணிகமும் தோணியும் கையில் இருந்த மேல்தட்டினர் மேசைக்காரர் எனப்பட்டார்கள். மேசை என்ற சொல்லே போர்த்துக்கீசியரோடு வந்ததுதான். அவர்களைப்போல மேசையில் உட்கார்ந்து உண்பவர்கள் என்று விளக்கம் சொல்வதுண்டு. கடலில் இறங்கி உழைத்தவர்கள் கம்மாரக்காரர். பெண் கொடுப்பதிலும் கோயிலில் உட்காரும் இடத்திலும் இந்தப் பிரிவு நெடுங்காலம் உறைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கு, வம்பு என்று வளர்ந்தது. எந்தக் குடும்பப் பெயர் மேல், எது கீழ் என்ற கணக்கு அந்தக் காலத்துக் கிழவிகளுக்குத் தலைகீழ்ப் பாடம். பாட்ரிக் ரோச் 1984இல் பரதவரைப் பற்றி எழுதிய சமூக ஆய்வு நூலில் இந்தப் பிளவின் வரலாறு விரிவாக இருக்கிறது. எழுதியவரின் பெயரையும் கவனியுங்கள், ரோச்.

1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கம் அவர்களுக்கு ஆகாது. கோயில்களை எடுத்துக்கொண்டார்கள், குருக்களைத் துரத்தினார்கள், சீர்திருத்த சபைக்கு வரச்சொன்னார்கள். பரதவர் அசையவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் டச்சுக்கொடி விட்டுவிட்டுப் பறந்தும், 1825இல் ஆங்கிலேயரிடம் முழுதாக ஒப்படைத்துவிட்டுப் போகும்போது அவர்கள் இங்கே குடும்பப் பெயராக எதையும் விட்டுச் செல்லவில்லை. பெயரைக் கொடுத்தவன் போய்விட்டான், அவனுடைய எதிரி ஆள்கிறான், அப்போதும் பெயரை விடவில்லை. காவலுக்காக வாங்கிய முத்திரை எப்போது சொந்தப் பெயராயிற்று என்று ஒரு காலத்தைக் குறிக்கச் சொன்னால் நான் இந்த டச்சுக் காலத்தைத்தான் குறிப்பேன். இன்றைய பனிமய மாதா ஆலயமும் அந்தக் கெடுபிடிக்கு நடுவில், 1713இல் நிலைபெற்றதுதான்.

அடுத்த காட்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். 1866இல் நகராட்சியான ஊர். குடிக்கத் தண்ணீர் இல்லாத உப்புத் தரை. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. தமிழில் இப்படி எழுதும் அவர் பெயரை ஆங்கிலத்தில் பெர்னாண்டஸ் என்று எழுதுவார்கள். ஒரே மனிதர், இந்தக் கையெழுத்தில் கோவாக்காரர், அந்தக் கையெழுத்தில் தூத்துக்குடிக்காரர். அவருக்குச் சிலை உண்டு. அண்மை ஆண்டுகளில் அரசு மணிமண்டபமும் கட்டியது. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானபோது ஆயராக வந்தவர் திபூர்சியுஸ் ரோச். இந்தியாவின் இலத்தீன் முறைத் திருச்சபையில் நவீன காலத்தில் ஆயரான முதல் இந்தியர். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாண அமைச்சராக இருந்தவர் ரோச் விக்டோரியா. அன்றைக்கு இந்தப் பெயர்கள் கடைப்பலகையிலும் தோணியின் முகப்பிலும் நகராட்சிக் கல்வெட்டிலும் முழுசாக, பெருமையாகப் பொறிக்கப்பட்டன.

அதற்குள் தமிழ்நாட்டில் வேறு காற்று வீசத் தொடங்கிவிட்டது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து எடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்த தலைமுறையில் பிள்ளைகளும் முதலியார்களும் ஐயர்களும் பெயருக்குப் பின்னால் இருந்ததைக் கழற்றிவைத்தார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து போதும் என்றாயிற்று. பெர்னாண்டோவுக்கு மட்டும் இதில் ஒரு வசதி. பார்க்கிறவர்களுக்கு அது கிறிஸ்தவப் பெயர், சாதிப் பெயராகத் தெரியாது. ஊருக்குள்ளே அது எந்தச் சாதி என்பது குழந்தைக்கும் தெரியும். வெளியே கேள்வி கேட்கப்படாமல், உள்ளே வேலையைச் செய்துகொண்டு, பெரியார் வீசிய வலையில் அகப்படாமல் தப்பிய மீன் அது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஆனாலும் காற்று இங்கும் புகுந்தது. ஜோசப் பனிமயதாஸ் என்ற பிள்ளையின் தந்தை விடுதலைப் போராட்டத்தில் இறங்கிய ஜே.பி. ரொட்ரிகஸ். பிள்ளை சினிமாவுக்கு வந்தபோது ஜே.பி. சந்திரபாபு. ஜோசப்பும் பனிமயதாஸும் முதலெழுத்துகளாகச் சுருங்கின, ரொட்ரிகஸ் காணாமலே போயிற்று. ஆயர்களின் வரிசையைப் பாருங்கள்: ரோச், அவருக்குப் பின் 1953இல் தாமஸ் பெர்னாண்டோ, பிறகு மதலைமுத்து, அமலநாதர், இவான் அம்புரோஸ், ஸ்டீபன் அந்தோணி. எல்லாரும் ஒரே கரைக்காரரோ ஒரே சாதியாரோ அல்லர், ஆகவே இதை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவிவிட முடியாது. என்றாலும் கடற்கரையின் இரண்டு பெரிய பெயர்களில் தொடங்கிய வரிசை, மறைமாவட்டம் எல்லாருக்கும் பொதுவான காலத்தில் அந்தப் பெயர்களை விட்டு நகர்ந்திருக்கிறது. வீடுகளிலும் அறுபதுகளுக்குப் பிறகு பள்ளியில் சேர்க்கும்போது குடும்பப் பெயரை விட்டுவிட்டவர்கள் உண்டு. தகப்பனின் முழுப்பெயரையும் சுருக்கி இரண்டு முதலெழுத்தாக்கி, பெர்னாண்டோவை வெறும் 'எஃப்' ஆக்கியவர்களும் உண்டு.

அந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தது கடல்தான், வேறு வழியில். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல். சங்குகுளிப்பு தொடர்ந்தது, முத்து முடிந்தது. 1974இல் புதுத் துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று. பரதவர் வீட்டுப் பிள்ளைகள் கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பினார்கள். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் உண்டு. மற்றத் தமிழர்கள் அங்கே என்ன எழுதுவது என்று திகைத்து, அப்பா பெயரை எழுதி, ஊர் பெயரை எழுதி, வெறுமனே விட்டு, விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட கதைகள் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்க மாட்டோம் என்றபோது தமிழ்நாட்டுப் பயண முகவர்களின் தொலைபேசி ஓயவில்லை. கட்டத்தில் பெர்னாண்டோ என்று நிரப்பியிருந்தவர்கள் நிம்மதியாகத் துபாய் போனார்கள். 1537இல் கொச்சிக் கப்பலின் காவலுக்காக வாங்கிய பெயர், குடியேற்றச் சன்னலில் இன்னொரு முறை காவலுக்கு நின்றது.

அந்தக் கட்டத்தை நினைத்துத்தான் இப்போதைய இளம் பெற்றோர் பெயர் வைக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகைகளை வாங்கிப் பாருங்கள். பாட்டனார் சவேரியார் பிச்சை பர்னாந்து. தகப்பனார் வெறும் எஸ். அருள்ராஜ், மணமகன் கவின் பெர்னாண்டோ. மூன்று தலைமுறையில் புனிதர் பெயர் போய்த் தூய தமிழ்ப் பெயர் வந்திருக்கிறது, இடையில் காணாமற்போன குடும்பப் பெயர் திரும்ப வந்திருக்கிறது, எழுத்துமட்டும் 'பர்னாந்து' என்பதிலிருந்து ஆங்கிலப் பலுக்கலுக்கு மாறியிருக்கிறது. இந்த வீடு நானாக அமைத்துச் சொல்வது. ஆனால் லூர்தம்மாள்புரத்திலும் திரேஸ்புரத்திலும் இப்படிப்பட்ட பத்திரிகை கிடைக்காத வாரம் குறைவு. நாவலாசிரியர் ஜோ டி குருஸ் உவரிக்காரர். கொற்கை நாவலுக்காக 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவர் தம் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு பரதவர் வரலாற்றைத் தமிழில் எழுதியது, பெயரை மறைக்கத் தேவையில்லை என்ற துணிச்சலை இளையவர்களுக்குக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் கதை வேறு திசையில் போயிற்று. இலங்கையில் பெரேரா, சில்வா வரிசையில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று பெர்னாண்டோ. சிங்களத்தில் பிரனாந்து என்பார்கள். வர்ணகுலசூரிய, மிகிந்துகுலசூரிய போன்ற குலப்பெயர்கள் முன்னால் நிற்க, பெர்னாண்டோ பின்னால் வரும். மொரட்டுவை, பாணந்துறை, நீர்கொழும்பு என்று அது சிங்களவரின் பெயராகவே ஆகிவிட்டது. அவர்களுக்கு நடுவில், தூத்துக்குடியிலிருந்து வணிகத்துக்குப் போய்க் கொழும்பில் தங்கிய பரதர்களும் அதே பெர்னாண்டோ, கொரைரா, மோத்தாதான். 2001 கணக்கெடுப்பில் அவர்களைத் தனி இனமாகவே எண்ணினார்கள். அந்நாட்டில் பெர்னாண்டோ என்பதை வைத்துக்கொண்டு தமிழரா சிங்களவரா என்று சொல்லவே முடியாது. கலவரக் காலங்களில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே கடை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே இப்போதைய தலைவலி எழுத்துப்பிழை. பிறப்புச் சான்றில் பர்னாண்டோ, பள்ளி மாற்றுச் சான்றில் பெர்னாண்டு, ஆதாரில் பெர்னாண்டோ, ஞானஸ்நானப் பதிவேட்டில் இலத்தீன் எழுத்தில் வேறொன்று. கப்பல் கம்பெனிக்கு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கறிஞரிடம் உறுதிமொழிப் பத்திரம், அரசிதழில் பெயர்மாற்ற அறிவிப்பு, அதற்குக் கட்டணம், மாதக்கணக்கில் காத்திருப்பு. அந்த விண்ணப்பத்தில் பெயர் மாற்றத்துக்கான காரணம் என்ற வரியில் இந்தக் கரைக்காரர்கள் என்னதான் எழுதுவார்கள்? பெரும்பாலும் 'எழுத்துப்பிழை திருத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.